பிவிசி 180 டிகிரியில் கருகுகிறது, எச்டிபிஇ 210-லும் தாங்குகிறது. ஏன்?

குழாய்க்காரன்

வணக்கம். குழாய் எக்ஸ்ட்ரூஷன், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி அச்சு வழியே தள்ளிக் குழாயாக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் ஷெட்டில் இரண்டு லைன்கள் அருகருகே ஓடுகின்றன, ஒன்று பிவிசி, இன்னொன்று எச்டிபிஇ (பாலிஎத்திலீன் வகை). போன வாரம் திடீரென்று கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் உடனே எடுக்கவில்லை. திரும்ப ஓட்டியபோது எச்டிபிஇ லைன் கொஞ்சம் கழிவைத் தள்ளிவிட்டு ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பிவிசி லைனில்தான் வினை. முதலில் மஞ்சள் கோடு, பிறகு செம்பழுப்பு, கடைசியில் டை (குழாய்க்கு வடிவம் தரும் அச்சு) வாயில் கட்டி கட்டியாகக் கரி. கண்ணும் தொண்டையும் எரிந்தன. டையை முழுதாகக் கழற்றிச் சுரண்ட வேண்டியதாயிற்று.

எனக்குப் புரியாதது இதுதான். பிவிசி பேரல் (பிளாஸ்டிக் உருகும் சூடான உருளை) 180-ஐ ஒட்டி வைத்திருந்தோம், எச்டிபிஇ 210. அதிக சூட்டில் இருந்தது தப்பித்து, குறைந்த சூட்டில் இருந்தது கருகியது எப்படி? சூப்பர்வைசரிடம் கேட்டால் "பிவிசி அப்படித்தான்" என்கிறார். அப்படித்தான் என்பது பதில் இல்லையே.

கரிமவாத்தி

நல்ல கேள்வி. "உருகும் சூடு", "சிதையும் சூடு" இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை அல்ல. எச்டிபிஇ 130 டிகிரியை ஒட்டி உருகும். காற்று இல்லாத இடத்தில் அதன் சங்கிலி கணிசமாக உடைவதற்கு 400-ஐ நெருங்க வேண்டும். நடுவே ஓட்டுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. பிவிசியில் அந்த இடமே இல்லை. குழம்பாகி ஓடுவதற்கே 170-200 வேண்டும், அந்தச் சூட்டிலேயே அது சிதையவும் தொடங்கிவிடுகிறது. நீங்கள் தினமும் பிவிசியைச் சிதைந்துகொண்டிருக்கும்போதே ஓட்டுகிறீர்கள். சிதைவைத் தள்ளிப்போடச் சேர்க்கும் ஸ்டெபிலைசர் தருகிற அவகாசத்துக்குள் குழாய் குளிர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஏன் சிதைகிறது என்பது இன்னும் சுவையான விஷயம். பிவிசிச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் குளோரின் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வரைகிற அந்த ஒழுங்கான வடிவம் உண்மையில் அவ்வளவு பலவீனமானது அல்ல. அதே அமைப்புள்ள சிறு மூலக்கூறுகள் நீங்கள் ஓட்டும் சூட்டைத் தாங்கும். பிரச்சினை சங்கிலி உருவானபோதே அதற்குள் புகுந்துவிட்ட குறைகள். சில இடங்களில் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் கார்பனில் குளோரின் உட்கார்ந்திருக்கும். சில இடங்களில் கிளை பிரியும் கார்பனிலேயே குளோரின் இருக்கும். இந்தக் குளோரின்கள் லேசாகப் பிடித்துக்கொண்டிருப்பவை. சூடு பட்டதும் முதலில் கழல்வது இவைதான், கழலும்போது பக்கத்து ஹைட்ரஜனையும் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். உங்கள் கண்ணை எரித்தது அதுதான்.

அது போன இடத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு உண்டாகும். இப்போது அதன் பக்கத்துக் குளோரினும் அதே பலவீனமான நிலைக்கு வந்துவிட்டது. அதுவும் கழலும், அதற்கடுத்ததும் கழலும். இப்படி வரிசையாக ஓடுவதால்தான் முதலில் மஞ்சள். ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் ஆறேழு சேர்ந்துவிட்டால் அந்தத் துண்டு நீல ஒளியை உறிஞ்சத் தொடங்கும், கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். வரிசை நீள நீள ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கடைசியில் கறுப்பு. நீங்கள் பார்த்த நிற வரிசை சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு வளர்ந்த வரிசையேதான்.

டை_துரை

வாத்தியார் விளக்கம் அருமை. ஷாப் ஃப்ளோர் பக்கமிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

தம்பி, மிஷின் ஓடும்போது மால் (பிளாஸ்டிக் கலவை) நகர்ந்துகொண்டே இருக்கும், எந்த மாலும் பேரலுக்குள் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது. நின்றதும் உள்ளே இருப்பது அங்கேயே வேகும். ஹீட்டர் அணைந்தாலும் அவ்வளவு பெரிய இரும்பு உடனே குளிராது. அதிலும் அடாப்டர், டைக்குள் குழாயின் உள்துளையை உருவாக்கும் மாண்ட்ரலைத் தாங்கும் கால்கள் இருக்கிற இடத்தில் ஓடும்போதே மால் மெதுவாகத்தான் போகும். கரி எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். டையைக் கழற்றினால் பாருங்கள், கால்களுக்குப் பின்பக்கம்தான் அதிகம் இருக்கும்.

திட்டமிட்டு நிறுத்துவதாக இருந்தால் பேரலைக் கழுவும் பர்ஜ் காம்பவுண்டு போட்டுத் தள்ளிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கரண்ட் போய்விட்டால் பேரல் கூலிங் ஃபேன் மட்டுமாவது ஜெனரேட்டரில் இருக்கட்டும். டையைச் சூடு இருக்கும்போதே கழற்றிவிடுவது நல்லது, ஆறிவிட்டால் உளிதான்.

குழாய்க்காரன்

நன்றி சார், நன்றி அண்ணே. இன்னொரு சந்தேகம். பேரலுக்குள் அடைபட்ட அந்த ஆசிட் வாயு எங்கும் போகாமல் அங்கேயே இருக்குமே, அது மேலும் கெடுக்குமா?

கரிமவாத்தி

கெடுக்கும். வெளியேறிய ஹைட்ரஜன் குளோரைடே அடுத்த குளோரின் கழல்வதற்கு ஊக்கி. எவ்வளவு அதிகம் தங்குகிறதோ அவ்வளவு வேகம். இரும்போடு சேர்ந்தால் இரும்புக் குளோரைடு உண்டாகும், அது இன்னும் மோசமான ஊக்கி. டைக்கும் ஸ்க்ரூவுக்கும் குரோம் பூசுவது மெருகுக்காக மட்டும் அல்ல.

எவ்வளவு ஆசிட் உள்ளே இருக்கிறது என்று ஒரு கணக்கு: வினைல் குளோரைடு அலகின் எடை 62.5, அதில் ஹைட்ரஜன் குளோரைடு 36.5. நூற்றுக்கு 58 பங்கு. ஒரு கிலோ பிவிசித் தூள் முழுதாகச் சிதைந்தால் அரைக் கிலோவுக்கு மேல் ஆசிட் வாயு. நூற்றில் ஒரு பங்குகூட வெளியேறாத நிலையிலேயே நிறம் மாறிவிடும் என்பதால் நாம் அதுவரை போவதில்லை.

குழாய்க்காரன்

துரை அண்ணே, உங்களிடம் ஒன்று. பழைய ஆட்கள் சொல்வார்கள், முன்பெல்லாம் மால் கெடுவதற்கு முன் மெல்ல மெல்ல மஞ்சளாகி எச்சரிக்கை கொடுக்குமாம். இப்போது வெள்ளையாக ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று கருத்துவிடுகிறது. இது உண்மையா, இல்லை "அந்தக் காலத்தில்" கதையா?

டை_துரை

உண்மை. ஸ்டெபிலைசர் மாறிவிட்டது. முன்பு டிபிஎல்எஸ் போடுவோம், ஈய உப்பு. 2021-இல் குழாய்களில் ஈய ஸ்டெபிலைசருக்கு எதிராக மத்திய அரசு விதி கொண்டுவந்த பிறகு எல்லோரும் கால்சியம்-ஜிங்க் பக்கம் போய்விட்டோம். குடிக்கிற தண்ணீர் போகிற குழாய், போக வேண்டியதுதான். ஆனால் ஓட்டுவதற்கு டிபிஎல்எஸ் போல மன்னிக்காது. ஏன் அப்படி என்று வாத்தியார்தான் சொல்ல வேண்டும்.

ஆய்வகத்துமல்லி

வாத்தியாருக்கு முன்னால் நான் வருகிறேன், இது என் தினசரி வேலை.

இரண்டு வகை ஸ்டெபிலைசரும் ஆசிட்டைப் பிடிக்கின்றன. பிடித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஈய உப்பு ஆசிட்டைப் பிடித்தால் ஈயக் குளோரைடு ஆகும். அது கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அதனால் ஈயம் தீரத் தீர நிறம் மெல்ல ஏறும்.

ஜிங்க் ஸ்டியரேட் ஒரு படி மேலே போகிறது. அந்தப் பலவீனமான குளோரின்களையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொழுப்பமிலத் துண்டை வைக்கிறது. அதனால்தான் தொடக்கத்தில் அவ்வளவு வெள்ளை. ஆனால் வேலை முடிந்ததும் அது ஜிங்க் குளோரைடு ஆகிறது. அது பிவிசியைச் சிதைப்பதில் கெட்டிக்கார ஊக்கி. இங்கேதான் கால்சியம் வருகிறது. கால்சியம் ஸ்டியரேட் தன் கொழுப்பமிலத்தை ஜிங்க்குக்குக் கொடுத்து, குளோரினைத் தான் வாங்கிக்கொள்கிறது. கால்சியம் குளோரைடு தொந்தரவு செய்யாது. கால்சியம் இருக்கும்வரை மால் வெள்ளை. தீர்ந்த நிமிடத்திலிருந்து ஜிங்க் குளோரைடு சேரும், சேர்ந்தால் சங்கிலி முழுக்க ஒரே சமயத்தில் சரியும். அதனால்தான் முன்னறிவிப்பு இல்லாமல் கருப்பு. துறையில் இதை ஜிங்க் எரிப்பு என்றே சொல்வார்கள்.

அதனால் "நிறம் நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றலாம்" என்ற கணக்கு கால்சியம்-ஜிங்க்கில் செல்லாது. வெள்ளையாக இருப்பது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டாது. காசு மிச்சம் பிடிக்க ஒன்-பேக், அதாவது ஸ்டெபிலைசர் கலவைப் பொட்டலத்தைக் குறைத்துப் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

லேசர்பாபு

பெயர்ப்பலகை வேலை செய்பவன். இந்த இழை இப்போதுதான் கண்ணில் பட்டது. பிவிசி ஷீட்டை லேசர் மிஷினில் வைக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் பிவிசி ஃபோம் போர்டு வெட்டி வெட்டி, லேசர் ரெயில் முழுக்கத் துரு ஏறிவிட்டது, லென்ஸும் போயிற்று. வெட்டுகிற பையனின் நெஞ்சு என்ன ஆனதோ.

ஆனால் அக்ரிலிக் வெட்டினால் கதையே வேறு. கரி கிடையாது, விளிம்பு மெருகு போட்டதாட்டம் வரும். ஒரு காரமான, பழவாடை கலந்த நெடி மட்டும். அதே லேசர், அதே சூடு. அக்ரிலிக் எங்கே போகிறது?

கரிமவாத்தி

பாபு, அக்ரிலிக் போகும் இடம் அது வந்த இடம். அந்த நெடி மெத்தில் மெத்தாக்ரிலேட், அக்ரிலிக் செய்யப் பயன்படும் அதே மோனோமர், அதாவது சங்கிலியின் ஒற்றை அலகு.

அக்ரிலிக் சங்கிலியின் ஒரு நுனியில் ரேடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரான் உள்ள துடிப்பான முனை) உண்டாகிவிட்டால், அங்கிருந்து மோனோமர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். சாக்குப்பையின் தையலில் சரியான நூல் நுனியைப் பிடித்து இழுத்தால் கடைசிவரை பிரிந்து வருமே, அது மாதிரி. பாலிஎத்திலீனில் இப்படி நடக்காது. அங்கே ரேடிக்கல் பக்கத்தில் இருக்கிற ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும், சங்கிலி கண்ட இடத்தில் அறுபடும். அக்ரிலிக்கில் நுனிக் கார்பனில் ஏற்கெனவே ஒரு மெத்திலும் ஒரு எஸ்டரும் இருப்பதால் ரேடிக்கல் நிலையாக உட்கார்ந்து வேலை பார்க்கிறது, பிடுங்குவதற்குத் தோதான ஹைட்ரஜனும் பக்கத்தில் இல்லை.

இதனால்தான் அக்ரிலிக் கழிவைச் சூடாக்கி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மோனோமராகவே திரும்ப எடுக்க முடிகிறது. பழைய முறையில் உருகிய ஈயத்தின் மேல் துண்டுகளைப் போடுவார்கள், ஆவியைக் குளிரவைத்தால் மோனோமர். அந்தப் பட்டறைகளின் காற்றைப் பற்றித் தனி இழையே போடலாம், இங்கே வேண்டாம்.

இந்தப் பின்னோக்கிப் போகிற குணம் பாலிமர் என்ற கருத்தே தெளிவாகாத காலத்தில் கண்ணில் பட்டுவிட்டது. 1845-இல் பிளைத்தும் ஹாஃப்மானும் ஸ்டைரீனைச் சூடாக்கிக் கெட்டியான ஒரு பொருளைப் பெற்றார்கள், அதை இன்னும் சூடாக்கினால் பழையபடி ஸ்டைரீன் வந்தது. 1860-இல் கிரேவில் வில்லியம்ஸ் ரப்பரைக் காய்ச்சி வடித்து ஐசோபிரீனைப் பிரித்தார். ரப்பர் எதனால் ஆனது என்ற துப்பே சூட்டில் அதைப் பிரித்துத்தான் கிடைத்தது.

சந்தேகப்பிராணி

வாத்தியாரே, ஒரு இடறல். சங்கிலி சேர்வதும் பிரிவதும் சமமாகிவிடும் ஒரு சூடு உண்டு என்று படித்திருக்கிறேன். டெய்ன்டனும் ஐவினும் 1948-இல் விளக்கிய உச்ச வெப்பநிலை. அக்ரிலிக்குக்கு அது 200-ஐ ஒட்டி இருக்கிறது. ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீனுக்கு வெறும் 61 டிகிரி. அப்படியானால் 230, 240-இல் அக்ரிலிக்கை மோல்டு செய்கிறார்களே, அது மிஷினுக்குள்ளேயே ஆவியாகிவிட வேண்டாமா?

கரிமவாத்தி

உச்ச வெப்பநிலை சொல்வது "இதற்கு மேல் பிரிவதே லாபம்" என்று. "பிரிந்தே தீரும்" என்று அல்ல. நுனியில் ரேடிக்கல் இருந்தால்தான் பிரியத் தொடங்கும். முடிந்துபோன சங்கிலியில் ரேடிக்கல் இல்லை. யாராவது தொடங்கிவைக்க வேண்டும்.

ஆய்வகத்துமல்லி

தொடங்கிவைப்பது யார் என்பதை எடைக்குறைவு வளைகோட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரண முறையில் செய்த அக்ரிலிக்கை நைட்ரஜனில் சூடேற்றினால் மூன்று படியாக இறங்கும். சுமார் 165-இல் ஒரு சிறு இறக்கம், அது சங்கிலி தவறிச் சேர்ந்த, தலைக்குத் தலை இணைந்த இடங்கள். 270-ஐ ஒட்டி அடுத்தது, இரட்டைப் பிணைப்போடு முடிந்த நுனிகள். 360-ஐ ஒட்டித்தான் பெரிய இறக்கம், அப்போதுதான் நல்ல சங்கிலியே நடுவில் அறுகிறது.

மோல்டிங் தர அக்ரிலிக்கில் இன்னொரு தந்திரமும் உண்டு. நடுநடுவே கொஞ்சம் மெத்தில் அக்ரிலேட் சேர்த்திருப்பார்கள். பிரிந்துகொண்டே வருகிற நுனி அந்த அலகில் வந்து நின்றுவிடும். இதனால்தான் 240-இல் நீங்கள் நிம்மதியாக ஓட்டுகிறீர்கள். பாபு வெட்டும் ஷீட்டில் லேசர் படுகிற புள்ளி இந்தச் சூடுகளையெல்லாம் தாண்டிப் போய்விடுவதால் அங்கே எந்தத் தந்திரமும் செல்லாது, நேராக மோனோமர்தான்.

டை_துரை

பிரிகிற சங்கிலி என்றதும் அசிட்டால் என்ற பிளாஸ்டிக் நினைவுக்கு வந்தது. இதை எல்லா மோல்டிங் ஆட்களும் படிக்க வேண்டும். பிவிசி ஓட்டிய பேரலில் அசிட்டால் போடாதீர்கள், அசிட்டால் ஓட்டிய பேரலில் பிவிசி போடாதீர்கள். நடுவில் பாலிஎத்திலீன் போட்டு நன்றாகக் கழுவாமல் மாற்றவே கூடாது. கொஞ்சம் கலந்தாலும் பேரலுக்குள் வாயு கட்டி நாசில் வழியாகவோ ஹாப்பர் வழியாகவோ சூடான மாலைத் துப்பும். அப்படித் துப்பி முகம் வெந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

கரிமவாத்தி

காரணமும் தெரிந்துகொள்ளுங்கள், மறக்காது. அசிட்டால் என்பது ஃபார்மால்டிஹைடு சங்கிலி. 1920-களில் ஹெர்மன் ஸ்டாடிங்கர் (1953-இல் நோபல் வாங்கியவர்) இதை விரிவாக ஆராய்ந்தார், ஆனால் சூட்டில் நிற்காததால் யாருக்கும் பொருளாகப் பயன்படவில்லை. நுனியில் இருக்கும் ஹைட்ராக்சிலிலிருந்து சங்கிலி பிரிந்து வாயுவாகிவிடும். நுனியை அசிட்டேட்டால் மூடி டூபாண்ட் 1960-இல் டெல்ரின் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. வேறு சில நிறுவனங்கள் நடுநடுவே இன்னொரு அலகைச் சேர்த்து, பிரிவதை அங்கே நிறுத்தின.

ஆசிட்டுக்கு இந்த நுனி மூடியெல்லாம் பொருட்டே இல்லை. சங்கிலியின் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும், வெட்டிய இடமெல்லாம் புது நுனி, ஒவ்வொன்றிலிருந்தும் ஃபார்மால்டிஹைடு வாயு. பிவிசி கொடுப்பது ஆசிட். இரண்டையும் ஒரே பேரலில் அடைத்தால் என்ன ஆகும் என்று துரை சொல்லிவிட்டார்.

அடுப்படி

இடையில் ஒரு வீட்டுக் கேள்வி. நான்ஸ்டிக் தவாவில் இருந்து விஷப்புகை வரும் என்கிறார்களே, தூக்கிப் போட்டுவிடலாமா?

ஆய்வகத்துமல்லி

தோசை சுடுகிற சூட்டில் டெஃப்ளான் சிதையாது. கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு மிகக் கெட்டி, 260 வரை தொடர்ந்து தாங்கும், உருகுவதே 327-இல். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மறந்து போவதுதான் ஆபத்து. 350-ஐத் தாண்டினால் வருகிற புகையில் காய்ச்சல் போன்ற நடுக்கம் வரும், சமையலறையில் கூண்டுப் பறவை இருந்தால் செத்தே போகும். எண்ணெயோ மாவோ இல்லாமல் சூடேற்றாதீர்கள், பூச்சு உரிந்திருந்தால் மாற்றுங்கள்.

மட்டுறுத்துநர்

தவா பற்றி மேலும் பேச வேண்டுமென்றால் தனி இழை திறக்கவும். இங்கே குழாய், மோல்டிங், கழிவு இதோடு இருக்கட்டும்.

சந்தேகப்பிராணி

கழிவு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். "பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் டீசல், ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர்" என்று வீடியோவில் காட்டுகிறார்கள். என் மைத்துனர் முதல் போடப் பார்க்கிறார். இது வேதியியலா, வித்தையா?

ஆய்வகத்துமல்லி

வேதியியல்தான், கணக்கைச் சரியாகப் பார்த்தால். எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.8. ஒரு லிட்டர் என்றால் 800 கிராம். மீதி வாயுவும் கரியும். சுத்தமான பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் போட்டால் அது நடக்கக்கூடியதே. ஆனால் வருவது டீசல் அல்ல. பாலிஎத்திலீன் கண்ட இடத்தில் அறுபடும் என்று வாத்தியார் சொன்னாரே, அதனால் ஒவ்வொரு நீளத்திலும் துண்டுகள் கிடைக்கும். வாயு, பெட்ரோல் அளவு, டீசல் அளவு, மெழுகு எல்லாம் ஒரே குடத்தில். ஊக்கி இல்லாமல் ஓட்டினால் குழாயில் மெழுகு கட்டி அடைக்கும். இரட்டைப் பிணைப்பு நிறைய இருப்பதால் வைத்திருந்தால் கோந்தாகும். பாய்லரில் எரிக்கலாம், வண்டியில் ஊற்றுவதற்கு முன் இன்னும் நிறையச் செய்ய வேண்டும்.

சிக்கல் கலந்த மாலில் இருக்கிறது. பெட் பாட்டில் உள்ளே போனால் எண்ணெய்க்குப் பதிலாக டெரஃப்தாலிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் ஆவியாகிப் போய்க் கன்டென்சரில் பொடியாகப் படிந்து அடைக்கும். பிவிசி போனால், இந்த இழை முழுக்க நாம் பேசிய ஆசிட்தான். இரும்பைத் தின்னும், எண்ணெயிலும் குளோரின் ஏறும், அப்புறம் வாங்குவதற்கு ஆள் இருக்காது. உங்கள் மைத்துனர் மிஷின் விலையைக் கேட்பதற்கு முன் மால் எங்கிருந்து வருகிறது, யார் பிரிக்கிறார்கள் என்று கேட்கட்டும். வீடியோவில் வருகிறவர்கள் எப்போதும் பால் கவர் மட்டும்தான் போடுகிறார்கள், கவனித்தீர்களா?

பழையஇரும்பு

பிரிப்பது நாங்கள்தான் மேடம். எங்கள் பக்கமும் ஒரு வார்த்தை. ஒயர் எரிக்கிறார்கள் என்று எல்லோரும் எங்களைத் திட்டுகிறீர்கள். எரித்த கம்பிக்கு விலை குறைவு, உரித்த கம்பிக்குத்தான் நல்ல விலை. உரிக்கிற மிஷின் இல்லாதவனும், உரிக்க முடியாத மெல்லிய ஒயர் வைத்திருப்பவனும்தான் எரிக்கிறான். அவனுக்கும் தெரியும் அது விஷம் என்று. எவ்வளவு விஷம் என்றுதான் தெரியாது.

கரிமவாத்தி

ஐயா, அதைத் தெரிந்துகொள்வது முக்கியம்தான். ஒயர் மேல் இருப்பது பெரும்பாலும் பிவிசி. அதில் குளோரின், எரியும்போது அரைகுறையாக வெந்த கரி, உள்ளே செம்பு. புகை ஆறும்போது, சுமார் 200-க்கும் 450-க்கும் இடையில், செம்புக் குளோரைடு ஊக்கியாக நின்று அந்தக் கரியையும் குளோரினையும் சேர்த்து டயாக்சின் என்ற கொடிய நச்சாக மாற்றும். டயாக்சின் செய்வதற்கு இதைவிடத் தோதான கலவையை ஆய்வகத்தில்கூடத் தயாரிப்பது கஷ்டம். எளிதில் அழியாத நச்சுகளுக்கு எதிரான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை டயாக்சின் மூலங்களைப் பட்டியல் போடும்போது செம்புக் கேபிளைப் புகையவிடுவதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பிவிசி மட்டும் எரிவதைவிடச் செம்போடு எரிவது பல மடங்கு மோசம். உரிக்கிற மிஷின் வாங்க உங்கள் சங்கம் கடன் கேட்டால் இதைக் காரணமாக எழுதுங்கள்.

லேசர்பாபு

அப்போது மதுரைப் பிளாஸ்டிக் ரோடு? அங்கேயும் சூடாக்கத்தானே செய்கிறார்கள்?

கரிமவாத்தி

தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனின் முறை. 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். ஜல்லியை 160-170 வரை சூடாக்கி, துண்டாக்கிய பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீனை அதன் மேல் தூவினால் உருகிப் பூச்சாக ஒட்டும், பிறகு தார். உருகுகிறதே தவிரச் சிதைகிற சூட்டுக்குப் போவதில்லை. பிவிசி சேர்ப்பதில்லை, காரணம் இந்நேரம் எல்லோருக்கும் தெரியும்.

ஆய்வகத்துமல்லி

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. சிதையும் சூடு என்று நாம் மேற்கோள் காட்டுகிற எண்கள் பெரும்பாலும் நைட்ரஜனில் எடுத்தவை. ஜல்லி சூடாவது காற்றில். ஆக்சிஜன் இருந்தால் கதை முன்பே தொடங்கிவிடும். சங்கிலியில் ஒரு ரேடிக்கல், அது ஆக்சிஜனைப் பிடித்துப் பெராக்சைடு, அது உடைந்து இரண்டு ரேடிக்கல். ஒன்று இரண்டாகிப் பெருகும். பாலிஎத்திலீனுக்கே 150-ஐத் தாண்டினால் இது நடக்கும், கிளை நிறைந்த பாலிபுரொப்பிலீன் இன்னும் சீக்கிரம். ரோட்டு வேலையில் சூட்டில் இருக்கும் நேரம் சில நிமிடம்தான் என்பதால் பெரிதாகப் போவதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இத்தனை டிகிரி வரை ஒன்றுமே ஆகாது" என்று எழுதுவதை நிறுத்தலாம். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், காற்றிலா நைட்ரஜனிலா, மூன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குழாய்க்காரரே, இது உங்கள் எச்டிபிஇ லைனுக்கும் பொருந்தும். அது "தப்பித்தது" என்றீர்கள். பேரலுக்குள் காற்று குறைவு, மாலில் ஆக்சிஜன் தாக்குதலைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் இருந்தது, அதனால் தப்பித்தது. குழாய் மாலுக்கு 200 டிகிரியில், ஆக்சிஜனில், 20 நிமிடமாவது தாங்க வேண்டும் என்று சோதனை வைத்திருப்பதே இதற்காகத்தான். அந்த நிறுத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் ஒரு பங்கு செலவாகியிருக்கும். நிறம் மாறாததால் தெரியவில்லை. அன்று தள்ளிய கழிவை அரைத்துத் திரும்பப் போட்டீர்களானால் அந்தச் செலவோடுதான் உள்ளே போகிறது.

குழாய்க்காரன்

அன்றைய கழிவு அரைத்து மூட்டையில்தான் இருக்கிறது மேடம், இன்னும் போடவில்லை. குடிநீர்க் குழாய்க்குப் போடாமல் தனியாக வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

பிவிசிக்கு ஒன்று கேட்கிறேன். இரண்டு கம்பெனி ஒன்-பேக் சாம்பிள் வந்திருக்கிறது. இரண்டுமே "சிறந்தது". எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. எது அதிக நேரம் தாங்கும் என்று எப்படிப் பார்ப்பது?

ஆய்வகத்துமல்லி

காங்கோ சிவப்புத் தாள் போதும். கலவையைச் சோதனைக் குழாயில் போட்டு, எண்ணெய்த் தொட்டியில் 200 டிகிரியில் நிறுத்துங்கள். தாள் துண்டை மாலைத் தொடாமல் மேலே தொங்க விடுங்கள். ஆசிட் வெளிவரத் தொடங்கியதும் சிவப்பு நீலமாகும். அதுவரை ஆன நேரம்தான் உங்கள் விடை. இரண்டு சாம்பிளையும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில், ஒரே அளவு போட வேண்டும். தொட்டிக்குச் சிலிகோன் எண்ணெய் வாங்குங்கள், சமையல் எண்ணெய் வேண்டாம், புகைந்து எழும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கூடவே இரண்டையும் தட்டையாக அழுத்தி ஓவனில் வைத்து, சில நிமிடத்துக்கு ஒரு துண்டு எடுத்து வரிசையாக ஒட்டுங்கள். ஒன்று மெல்ல மஞ்சளாகும், இன்னொன்று வெள்ளையாக இருந்து சட்டென்று கருக்கும். கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன், தொடக்க வெள்ளை கொஞ்சம் குறைந்தாலும்.

டை_துரை

அதைச் செய்வதற்கு முன் ஒரு சின்ன வேலை. டை பக்கத்தில் சூடு அளக்கும் தெர்மோகப்பிளைக் கழற்றி வேறொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 180 என்று காட்டிக்கொண்டு 195-இல் ஓடுகிற டைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படி இருந்தால் எந்தக் கம்பெனி ஒன்-பேக்கும் நிற்காது.

குழாய்க்காரன்

நாளை காலை ஷிப்டில் முதல் வேலை அதுதான் அண்ணே. தாள் சோதனை முடிவையும் இங்கேயே போடுகிறேன்.